குலுக்கிப் போட்ட விதி அட்டைகள்

என் திருத்தங்களுக்கு ஒருநாளும் கோபித்துக்கொள்ளாதவரே,

அரியலூரில், கணினிக்குள் போடும் துளையட்டைக் கட்டை நான் கைதவறிக் கீழே போட்டுவிட்டேனாம். ஏதோ அதிர்ஷ்டத்தில் உங்கள் கணினி மொழி பிழைத்ததாம். பெரம்பலூரில் இப்படிப் பேசிக்கொள்கிறார்கள். தவறு. வேண்டுமென்றேதான் கலைத்தேன்.

உங்களுக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்காக எழுதுகிறேன். கணினிக்குத் தரும் வாக்கியத்தை இலக்கணம் கிளைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கிளைக்கும் வகை, மதிப்பு என்று பண்புகள் உண்டு. சில மேலிருந்து இறங்கும். சில கீழிருந்து ஏறும். எந்தப் பண்பு எதிலிருந்து கிடைக்கிறது என்று சொல்லவே நீங்கள் ஒரு தனி மொழி வகுத்தீர்கள். அட்டைக்கு ஒரு விதி. எதை முதலில் கணக்கிடுவது என்று நாம் எழுத வேண்டாம், இயந்திரமே கண்டுபிடிக்கும் என்றீர்கள்.

"வரிசை சொல்லாமல் நடக்காது" என்று ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பினார் அதை மதிப்பிட்ட பேராசிரியர். அதற்குப் பதில் எழுதுவதற்குள் கண்ணை மூடிவிட்டீர்களே!

போன வாரம் சிமெண்ட் ஆலையின் கணினி அறையில் இடம் கிடைத்தது. உங்கள் பழைய மாணவர் ஜபருல்லாதான் அங்கே ஆபரேட்டர். முதலில் நீங்கள் அடுக்கியிருந்தபடியே ஓட்டினோம். பிறகு விதி அட்டைகளை மட்டும் எடுத்துக் கலைத்தேன்.

"யா அல்லா! என்னங்கம்மா, சீட்டுக்கட்டு மாதிரி குலுக்குறீங்க? திரும்ப அடுக்க ஒரு நாள் ஆகுங்க!"

"அடுக்க வேணாம். அப்படியே போடுங்க."

"விடை மாறி வந்துட்டா?"

"அவர் சொன்னது தப்புன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, ஜெபித்தேன். மறைக்க மாட்டேன்.

அச்சாகி வந்த இரண்டு தாள்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

"சார் ஜெயிச்சுட்டாருங்கம்மா!" என்று கத்தினார் ஜபருல்லா.

"இருங்க, இன்னும் ஒண்ணு பாக்கி" என்றேன். இரண்டு பண்புகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும்படி ஒரு தப்பு விதியைத் துளைத்துச் சேர்த்தேன். கணக்கிட மறுத்து, அந்த இரண்டின் பெயரையும் மூன்றாவது தாளில் அச்சடித்துக் காட்டியது இயந்திரம்.

வரிசையை இயந்திரமே தேடுகிறது என்று உறுதியான அப்போதுதான் நானும் கைதட்டினேன். கம்ப்யூட்டர் அறையில் சத்தம் போடக் கூடாதாம். போட்டேன்.

இனி உங்கள் பெயர் முதல் பக்கத்தில் இல்லாமல் இந்த மொழி எங்கேயும் அச்சேறாது. அது என் பொறுப்பு.

உங்கள் மனைவி,
ஸ்டெல்லா

பேராசிரியர் ஐயாவுக்கு: இக்கடிதத்தின் நகலோடு மூன்று தாள்களும் தங்களுக்கு வருகின்றன. தயவுசெய்து பதிலை எழுத்தில் அனுப்பவும்.