ரேவதியின் ஸ்டிக்கர்

வியாழன், இரவு

பக்கத்து வீட்டு ரேவதிக்கு ரவிக்கை தைக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். இப்போது அவள் போடும் தையல் வீடியோவை எங்கள் மேனாம்பேடே பார்க்கிறது. என்னிடம் தைக்கக் கொடுத்தவர்களும் அவளிடம் போகிறார்கள். வயிறு எரிந்தது. வீடியோவில் அவள் வாய் கோணியிருந்த நொடியைப் பிடித்து, ஸ்டிக்கராக்கித் தங்கைக்கு மட்டும்தான் அனுப்பினேன். அது தெரு வாட்ஸ்அப் குரூப் வரை போய்விட்டது.

இன்று சாயங்காலம் ரேவதி அழுதுகொண்டே வந்தாள்.

"இத்த யாரு பண்ணாங்கன்னே தெர்லக்கா. எம்பொண்ணு கிளாஸ்லகூட காட்டிக் காட்டி சிரிக்கிறாங்களாம்."

"தமாஷுக்குப் பண்ணியிருப்பாங்க, வுடு."

"யாருக்குக்கா தமாஷு? எல்லா வீடியோவையும் அழிச்சிட்டேன்."

அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். ஆனால் 'அழிச்சிட்டேன்' என்று அவள் சொன்னதும் எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.