மஞ்சள் துணியில் ஐந்து முடிச்சு

தை 5, திங்கள்

ஐநூறு, ஆயிரம் நோட்டு செல்லாமல் போன வருஷம் அது. பனியன் கம்பெனியில் தைக்க வந்த வடக்கத்திப் பையன்கள் வாரச் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டே டீக்கு வழியில்லாமல் நின்றார்கள். அந்தக் கார்த்திகையில்தான் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து என் மகன் முருகவேல் போன் செய்தான். "அப்பா, அஞ்சு நிக்குதுங்க!"

எட்டு வருஷமாகப் பிள்ளையில்லாதவன். ஐந்தும் பேரப்பிள்ளைகள் என்றே நினைத்துவிட்டோம். என் வீட்டுக்காரி மருதம்மாள் மஞ்சள் துணியில் ஐந்து காசை ஐந்து முடிச்சாக முடிந்து, "பழனியாண்டவா, அஞ்சுக்கும் உன்ற மலையில மொட்டை" என்று சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். பிறகுதான் விளங்கியது, அவை கண்ணுக்கே தெரியாத கருக்கள் என்று. ஒன்றை வயிற்றில் வைத்து, நான்கை உறையவைத்தார்கள். வைத்த ஒன்று சண்முகப்பிரியா. அவளுக்கு மொட்டை போட்டு ஒரு முடிச்சை அவிழ்த்தோம். நான்கு அப்படியே இருக்கிறது. மருதம்மாளும் இல்லை, முருகவேலும் இல்லை.

இன்று மருமகள் சித்ராதேவிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். பத்து வருஷத்துக்கு மேல் வைக்கக் கூடாதாம், வருகிற கார்த்திகையோடு பத்து முடிகிறது. கலைத்துவிடலாம், இல்லையென்றால் ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம்.

எனக்கு எழுத்துத் தெரியாது. பேசினால் இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. பேத்தி பிரியா சொல்லிக்கொடுத்தாள்.

தை 7, புதன்

"ஆராய்ச்சிக்கே குடுத்தரலாமுங்களா மாமா? அதுல செல் எடுத்து வளத்தி, சர்க்கரைக்கு வைத்தியம் தேடறாங்களாம். நம்ம பிரியா மாதிரிக் கொழந்தைகளுக்கு" என்றாள் சித்ராதேவி.

"எடுத்தா அது என்னாகும்?"

"அதோட முடிஞ்சுருமுங்க."

"முருகவேல் பிள்ளைங்க அம்மிணி."

"நானும் பெத்துக்கத்தான் நெனச்சனுங்க. பிரியா பொறந்தப்பவே கர்ப்பப்பையை எடுத்தாச்சுங்களே." அழுதாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லாம நான் கையெழுத்துப் போடமாட்டனுங்க."

முடிவை என் தலையில் வைத்துவிட்டாள்.

தை 9, வெள்ளி

ஆத்தப்பனிடம் சொன்னேன். சின்ன வயசிலிருந்து சேக்காளி, பனியன் வேஸ்ட் வியாபாரம். "ஞானசம்பந்தம், கட்டிங்ல மீந்த துணிய நூலாக்கி மறுபடி தறியில ஓட்டறதில்லையா? அப்படி நெனச்சுக்கப்பா" என்றான்.

"உம்பட வாயை மொதல்ல வேஸ்ட் மூட்டைக்குள்ள வெச்சுக் கட்டு" என்று எழுந்து வந்துவிட்டேன்.

தை 10, சனி

வேஸ்ட்டாம். என்ற பேரன் வேஸ்ட்டா?

தை 13, செவ்வாய்

முருகவேலுக்கு முன்னால் மருதம்மாளுக்கு இரண்டு கலைந்தது. யாராவது எத்தனை பிள்ளை என்று கேட்டால், "மூணுங்க" என்பாள். குன்னத்தூர் சந்தையில் மூன்று தேன்மிட்டாய் வாங்குவாள். ஒன்று முருகவேலுக்கு. மற்ற இரண்டையும், "அதுக வரலீல்ல" என்று தானே தின்பாள். நான் சிரிப்பேன். அவளும்தான் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே இரண்டையும் எண்ணினாளே!

இப்போது இருந்தால் என்ன சொல்வாள்?

பிரியா சாப்பிடும் முன் சட்டையைத் தூக்கி, தானே வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டாள். எட்டு வயசு. "அப்பாரு, ஆஸ்பத்திரியில இருக்கறது என்ற தம்பியா, தங்கச்சியா?"

"தெரியலியே கண்ணு."

"அதுங்களுக்கு வலிக்குமா?"

"வலிக்காதுன்னுதான் உங்கம்மா சொல்றா."

"அப்பப் பரவால்ல" என்று சொல்லிவிட்டு, ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே சோற்றுக்கு உட்கார்ந்தாள்.



தை 18, ஞாயிறு

பூசம். பழனி. மஞ்சள் துணி மடியில்.

முடியெடுக்கிறவர் கேட்டார். "பெரியவரே, யாருக்கு வேண்டுதல்?"

"பேரப்பிள்ளைங்க நாலு பேருக்குங்க."

"அவங்க எங்கீங்க?"

"அவங்க வர முடியாதுங்க. பதிலுக்கு நானு."

என் தலையைத் தடவிப் பார்த்தார். "இங்க இருக்கறதே நாலு முடிதானுங்க. கணக்குச் சரியாப் போச்சு!"

வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பு எங்கே அழுகையானது என்று தெரியவில்லை. நான்கு முடிச்சையும் அவிழ்த்துக் காசை உண்டியலில் போட்டேன். அடிவாரத்தில் காத்திருந்த சித்ராதேவியிடம், "ஆராய்ச்சிக்கே கையெழுத்துப் போட்டுரு அம்மிணி" என்றேன். நிசமாத்தானுங்களா மாமா என்று இரண்டு தரம் கேட்டாள்.

தை 21, புதன்

கையெழுத்துப் போட்டாயிற்று.

சாயங்காலம் ஆத்தப்பன் வந்தான். மொட்டையைப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனான்.

மஞ்சள் துணியைத் துவைத்துக் காயப்போட்டேன். மருதம்மாள் முடிச்சுப் போட்டது ஐந்து. உயிரோடு இருப்பது சண்முகப்பிரியா ஒருத்திதான்.