அப்பாவைக் கொன்றவர்கள்

கஸ்தான்யா,
அக்டோபர் 29, 1964

மெல்போர்னில் இருக்கும் தம்பி ஸ்டெர்யோஸுக்கு அக்கா எவாந்தியா எழுதுவது. நீயும் பிள்ளைகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். இங்கே நாங்கள் நலமில்லை. காரணம் நீ.

அங்கே பிறக்கும் கிரேக்கப் பிள்ளைகளுக்காக நீ எழுதிய ‘தாயகத்தின் வரலாறும் புவியியலும்’ புத்தகம் வந்து சேர்ந்தது. புனித திமித்ரியோஸ் திருநாளன்று பூசை முடிந்ததும், பள்ளிக்கூட வாத்தியார் அதைக் கோயில் முற்றத்தில் ஊருக்கே படித்துக் காட்டினார்.

முதலில் புவியியல். நம் ஊர் ஒலிவத் தோப்புகள் கடல்வரை இறங்குகின்றனவாம். எந்தக் கடல்? இந்த மலைக் குளிரில் ஒலிவமரம் நிற்குமா? நீ கஷ்கொட்டை மாவு ரொட்டி தின்று வளர்ந்தவன். “கப்பலேறினப்ப ஊரையும் இழுத்துட்டுப் போய்க் கடலோரத்துல இறக்கிட்டான்போல” என்றான் கொல்லன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பிறகு வரலாறு வந்தது. “என் தந்தை ஜெர்மானியரின் குண்டுக்குப் பலியானார். ஊரே ஒரு குடும்பமாக அழுதது.” வாத்தியார் படித்து முடிக்குமுன் முன்வரிசையில் ஒருவர் கைதட்டினார். யார் தெரியுமா? அப்பாவின் சித்தப்பா மகன் கோஸ்மாஸ். இன்று ஊர்த் தலைவர்.

ஜெர்மானியர் போய் நாலு வருஷம் கழித்து, நாமே நம்மை வெட்டிக்கொண்ட குளிர்காலம் அது. மலையிலிருந்த கெரில்லாக்களுக்கு ரொட்டி கொடுத்தார் என்று நம் நாட்டு ராணுவத்தையே நம் வாசலுக்குக் கூட்டிவந்து, “இவன்தான்” என்று அப்பாவை நோக்கி விரல் நீட்டியவர் அவர். சுட்டவர்களும் நம் சிப்பாய்கள்தான். நீ என் பக்கத்தில் நின்றிருந்தாய். பதினாலு வயது. மறக்கிற வயதா?

நான் எழுந்தேன். “வாத்தியாரே, அந்த வரிய இன்னொருவாட்டி படிங்க. அந்த ஜெர்மன்காரன் பேரு கோஸ்மாஸ். இதோ, முன்னாலதான் உக்காந்திருக்கான்” என்றேன்.

கோஸ்மாஸ் அசரவில்லை. “படிச்சவன் அவனே எழுதிட்டான், நீ யாருடி? பாஸ்போர்ட்டுக்கு, அவன் கம்யூனிஸ்ட் இல்லன்னு நற்சான்று குடுத்ததே நான்தான். நன்றி உள்ளவன்” என்றார்.

நீ ஏன் ஜெர்மானியர் என்று எழுதினாய் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறக்காதவள் எழுந்து நின்றாள். “ஸ்டெர்யோஸ் நான் பெத்த புள்ள. ஆனா அவன் எழுதினது பொய்” என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். பின்னால் யாரும் வரவில்லை. கொல்லன் மட்டும் தொப்பியைக் கழற்றினான்.

மறுநாள் போலீஸ்காரர் வந்தார். ஊரில் கலகம் மூட்டினாள் என்று அம்மாவை அழைத்துப்போய், சாயங்காலம்வரை நிற்கவைத்து விசாரித்திருக்கிறார்கள். வீங்கிய காலோடு திரும்பியவள் போலீஸைத் திட்டவில்லை. “இவ்வளவு தூரம் போயும் அவனுக்கு என்னடி பயம்?” என்று என்னைக் கேட்டாள். அதற்குப் பதிலை நீயே சொல்.

வரப்போவதாக எழுதியிருந்தாய். இப்போது வராதே. அந்த வரியை மாற்று. கோஸ்மாஸின் பெயர்கூட வேண்டாம். ‘ஜெர்மானியர்’ என்ற இடத்தில் ‘நம்மவர்கள்’ என்று போடு. அதன்பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, நீதான் படித்துக் காட்ட வேண்டும். அதிக நாள் எடுத்துக்கொள்ளாதே.

தேவமாதா உன் பிள்ளைகளைக் காக்கட்டும். உனக்காக அவளிடம் அம்மா தினமும் வேண்டுகிறாள். நான் இன்னும் தொடங்கவில்லை.

உன் அக்கா,
எவாந்தியா