சட்டைக்காக அழாதே

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். அம்மா படுத்த படுக்கையாகி இரண்டு மாதம். பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் கத்திவிட்டு வந்து, நான் ஒருத்தியே புரட்டிப் படுக்க வைக்கிறேன். முதுகில் புண் வந்துவிட்டது. ஒரு வாரம் லீவு போட்டு வா. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவனுக்கு அம்மாவைத் தூக்கவா தெரியாது?

அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பத்துப் பேர் மட்டும் மாடி அறையில் கூடுகிறோம். மற்றவர்களுக்குச் சொல்லாத ஞானம் அங்கே கிடைக்கிறது. இந்த உலகத்தைப் படைத்தது உண்மையான தேவன் அல்ல, ஒரு கீழான சக்தி. உடம்பு ஆத்துமாவுக்குச் சிறை, கழற்றிப்போட வேண்டிய சட்டை. ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் சரீரம் உயிர்த்தெழும் என்ற இடம் வந்தால் நாங்கள் வாய் திறப்பதில்லை. அம்மாவின் ஆத்துமாவுக்காக ஜெபிக்கிறேன். சட்டைக்காக அழாதே.

தம்பி

பி.கு.: இடுப்பு பிடித்துக்கொண்டது. நீ வாங்கும் அந்தத் தைலம் ஒரு புட்டி அனுப்பு.

ஜூன் 19

ஞானம் பெற்ற தம்பிக்கு,

தைலம் அனுப்பியிருக்கிறேன். சிறைக்கு நன்றாகத் தேய்த்துக்கொள்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டியது என் தப்பு. "அப்போ பத்து மாசம் அவனைச் சட்டையிலயா சுமந்தேன்?" என்று கேட்டாள். பிறகு விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னாள். நீ விழுங்கும் அந்த வரியை மட்டும் இரண்டு தடவை, உனக்கும் சேர்த்து. எனக்கு உன்மேல் வந்த எரிச்சலில் பாத்திரத்தைப் போட்டு உடைத்தேன். ஆத்துமாவுக்கு முதுகில் புண் வராது, அதைப் பார்த்துக்கொள்வது சுலபம்டா. மாடிப்படி ஏறுகிற கால்தானே, இங்கேயும் வரட்டும்.

அக்கா

ஜூலை 8

தம்பிக்கு,

போனில் சொல்லியும் நீ வரவில்லை. நேற்று அடக்கம் முடிந்தது. நீ சொன்ன அந்தச் சட்டையை நான்தான் குளிப்பாட்டித் தலை வாரினேன். இனி உனக்கு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

ஜூலை 27

அக்காவுக்கு,

மூன்று வாரமாக மாடி அறைக்குப் போகவில்லை. அம்மாவின் முகம் ஞாபகம் வருகிறது, வாசனை வரமாட்டேன் என்கிறது. அவளுடைய நீல ஸ்வெட்டர் இருக்கிறதா? துவைக்காமல் அனுப்பு, அக்கா.

ஆகஸ்ட் 4

தம்பிக்கு,

ஸ்வெட்டரைத் துவைத்துவிட்டேன், உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள். அவள் தலையணை உறையில் மட்டும் கை வைக்க மனசு வரவில்லை, அப்படியே இருக்கிறது. அதைப் பார்சலில் அனுப்பமாட்டேன். ஜெபம் பண்ணியும் வாங்க முடியாது.

உடம்போடு வா.

அக்கா