வாசகசாலையின் கிழக்குக் கதவு

என் கண்ணே செண்பகம்,

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. தென்காசித் தெருவெல்லாம் நசநசவென்று கிடக்கிறது. நீ போனபிறகு இது இரண்டாவது சாரல். ஈரத்துணி காயவைக்க உட்கார்ந்தாலே உன் நினைப்புதான் வருகிறது, என்ன செய்ய?

நம் தெருமுனையில் வாசகசாலை கட்டியபோது உன் வீட்டுக்காரர் கொழும்பில் கடைவேலையில் இருந்தார். நீ எங்களோடு இருந்தாய். உன் அத்தான் அதற்குக் காரியதரிசி. கட்டடத்துக்குப் படம் வரைந்தது வெளியூர் ஓவர்சியர். சுண்ணாம்புச் சுவர், சீமை ஓடு, மேற்கே பார்த்து ஆள் உயரத்துக்கு ஐந்து ஜன்னல். பங்குனியில் திறந்தார்கள். கணவாய்க் காற்று சிலுசிலுவென்று வந்ததும் ஊரே அவரைத் தூக்கிவைத்துப் பேசியது. நீ மட்டும், "ஏக்கா, ஆனி பிறந்தா சாரல் அலமாரிக்குள்ளல்லா அடிக்கும்?" என்றாய். படித்தவர் போட்ட படமாம். அதை அவரிடம் சொல்ல ஒரு ஆம்பிளைக்கும் வாய் வரவில்லை பார்!

நீ சொன்னபடியே ஆயிற்று. நனைந்த புத்தகங்களைக் காயவைக்கச் சொல்லிக் கமிட்டிக்காரர் வீடுகளுக்குக் கட்டுக்கட்டாக அனுப்பினார்கள். கங்கின்மேல் கூடையைக் கவிழ்த்து, பிள்ளைத்துணி காயப்போடுகிற மாதிரி நாம் பரப்பினோம். நீ காயவைத்தாயா, படித்தாயா? உன் அத்தான் கேட்கும்போதெல்லாம், "இன்னும் ஈரம் போகலத்தான்" என்பாய். படித்து முடிக்காத புத்தகத்து அட்டையில் நீ தண்ணீர் தெளித்ததை நான் பார்த்தேன்டி, கள்ளி!

பிறகு மேற்கு ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். உள்ளே ஒரே இருட்டு. வெளிச்சத்துக்குக் கிழக்குச் சுவரை இடிக்கலாமென்று நம் வீட்டில் கூடிப் பேசினார்கள். நீ அவர்கள் முன்னால் போய் நின்றாய்.

"இடிக்கது இடிக்கிய, ஜன்னலோட ஒரு கதவும் வையிங்க அண்ணாச்சி. பொம்பளையளும் வந்து உக்காந்து படிப்போம்லா?"

சிரித்தார்கள். "அப்போ அடுப்ப யாரு பாக்கது?" என்றார் ஒருவர். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் காப்பி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். அப்புறம் நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அந்தப் புரட்டாசியிலேயே விஷக்காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

கதவு வந்துவிட்டதம்மா. நீ போனபின் உன் அத்தான் மனசு கேட்காமல், கமிட்டியோடு மல்லுக்கட்டி வைத்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பெண்களுக்கு. ஆனால் கூச்சத்தில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இத்தனை வாரமும் நான் ஒருத்திதான். நேற்று மறுபடி நம் வீட்டில் கூடினார்கள். "ஒரு ஆளுக்காக எதுக்கு? கதவ அடைச்சிட்டு அலமாரி வச்சிருவோம்" என்றார் அதே மனுஷர்.

பொறுக்கிய டம்ளர்களைக் கீழே வைத்தேன். இந்தத் தடவை அடுக்களைக்குள் போகவில்லை. "அடைக்கக் கூடாது அண்ணாச்சி. அந்த ஒரு ஆளு நான் வருதேன்லா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஆவணி பிறக்கட்டும், பார்ப்போம் என்று எழுந்துபோனார்கள்.

இவ்வளவுதானா செண்பகம்? இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு வெள்ளிக்கிழமையாவது நீ உள்ளே போய் உட்கார்ந்திருப்பாயே. நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. வீடு வீடாகப் போய்க் கூப்பிடப் போகிறேன். தறிக்காரர் வீட்டு மரியம், "நீங்க வந்து கூப்பிட்டா வாரேன்க்கா" என்றிருக்கிறாள். அவளும் வராவிட்டால் நான் தனியாகவாவது போவேன். அந்தக் கதவை மூடவிட மாட்டேன், இது சத்தியம்.

அன்றைக்கு வாய் திறக்காத
உன் அக்கா