ஏழாம் கூட்டு அட்டை

பெரிய மச்சானுக்கு,

அறுபத்தெட்டு வயதில் எழுத வாசிக்கப் பழகிவிட்டேன்.

நாம் வேலை செய்த வவுனியா ஆய்வுகூடத்தில் நீயும் ஆராய்ச்சி நடத்திய மிஸ்ஸும், மூளையே சுரக்கும் அபின் போன்ற பொருளை எலிகளுக்கு ஏற்றி, மூளைக்கு அடியிலுள்ள கபச்சுரப்பியில் வளர்ச்சி ஓமோன் கூடுகிறதா என்று பார்த்தீர்கள். ஏழாம் கூட்டு எலிகளைப் பிடித்துத் தந்தவன் நான், அவற்றுக்கு அந்த அபின் ஊசியைப் போட்டவன் நீ. முடிவு பிழையாய்ப் போனதும், "அவருக்கு எழுத்தெல்லாம் எலிப்புழுக்கை மாதிரித்தான் மிஸ், கூடுகளிலை அட்டையளை மாத்திக் கொழுவிப்போட்டார்" என்று என்னைக் காட்டிச் சொன்னாய். என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

போகும்போது ஏழாம் கூட்டில் தொங்கிய அட்டையைக் கழற்றி வந்தேன். நேற்றுத்தான் வாசித்தேன். "ஏழாம் கூடு, வெறும் உப்புநீர்." உன் கையெழுத்து. அட்டை மாறவேயில்லை.

அதை மிஸ்ஸுக்கு அனுப்பிவிட்டேன். அவர் கேட்கும்போது, எழுத்துத் தெரியாதவன் என்று இனி யாரைக் காட்டுவாய்?

உன் தங்கையின் புருசன்