மொட்டைமாடியில் இரும்புக் கட்டில்

என்னங்க,

உங்கள் குறட்டையைச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு, "இனிமே எனக்கு மொட்டைமாடிதான்!" என்று இரும்புக் கட்டிலை மேலே தூக்கிப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டீர்கள். இன்றிரவு பலத்த இடிமழையாம். நம்ப மாட்டீர்கள். பகலெல்லாம் தரை கொதிக்கிறதல்லவா? அந்தச் சூட்டில் காற்று விறுவிறுவென்று மேலேறி, குளிர்ந்து, கருமேகமாகிறது. உள்ளே பனித்துகள்கள் உரசி உரசி மின்னலைத் தயார் செய்கின்றன. மின்னல் இறங்க உயரமான இடமாகப் பார்க்கும். இந்தப் பொட்டல்வெளியில் நம் வீடுதான் உயரம். அதன் உச்சியில் நீங்கள், இரும்போடு!

சாப்பாடு மேசைமேல் இருக்கிறது. எனக்கு நைட் டியூட்டி. உள்ளேயே படுத்து ஆசைதீரக் குறட்டை விடுங்கள்.

பி.கு.: மாடிக் கதவைப் பூட்டிவிட்டேன். சாவி என் கைப்பையில். கட்டில் துருப்பிடித்தால் வேறு வாங்கலாம். புருஷனுக்குக் கடை கிடையாது, விசாரித்துவிட்டேன்.